உங்களுக்குத் தெரியுமா? விழுந்த பிறகு கழியும் ஒரு மணி நேரம்

பெங்களூரில் ஜெயநகர், மல்லேஸ்வரம், அல்சூர் எங்கும் வயதான இருவர் மட்டும் வாழும் வீடுகள் பெருகிவிட்டன. ஒருவர் மட்டுமே வாழும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். இல்லாவிட்டால் ஒயிட்ஃபீல்டில், நெரிசல் நேரத்தில் சட்டென்று வந்துசேர முடியாத தொலைவில். அவர்கள் அம்மா அப்பாவுக்கு வாங்கித் தரும் பொருள்களில் அண்மையில் சேர்ந்திருப்பது, கீழே விழுந்தால் தகவல் சொல்லும் கைக்கடிகாரம். வரவேற்க வேண்டிய பொருள்தான். ஆனால் அதைக் கையில் கட்டிவிட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஏன் என்பதைச் சொல்லும் சில செய்திகள் இங்கே.

● உலகில் எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இப்படி இறக்கிறார்கள். அவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். மருத்துவரிடம் போகும் அளவுக்கு அடிபடும் விழுதல்கள் ஆண்டுக்கு 3.73 கோடி. இந்தியாவில் 2022-இல் 60 வயதைத் தாண்டியவர்கள் 14.9 கோடி. 2050-இல் அது 34.7 கோடியாக இருக்கும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டிருக்கிறது.

● விழுவதைவிட ஆபத்தானது, விழுந்த இடத்திலேயே கிடப்பது. 1981-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவர்கள், வீட்டில் விழுந்த முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். எழ முடியாமல் கிடப்பவர் பெரும்பாலும் முன்பே பலவீனமானவர் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் கிடப்பதே தனியாகவும் கேடு செய்கிறது. உடலின் எடையே ஒரு பக்கத் தசையை நசுக்க, சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. தண்ணீர் கிடைக்காமல் உடல் வறள்கிறது. தோல் புண்ணாகிறது. பெங்களூரின் டிசம்பர் இரவில் மொசைக் தரை உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எலும்பு முறியாமல் விழுந்தவர்கூட இப்படிக் கிடந்தே நோயாளியாகிவிட முடியும்.

கைக்கடிகாரத்தால் விழுவதைத் தடுக்க முடியாது. அது மீட்டுத் தரக்கூடியது இந்த ஒரு மணி நேரத்தை.

● விழுந்தது கடிகாரத்துக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள முடுக்கமானிச் சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குள் நுண்ணிய வில்களில் ஒரு சிலிக்கான் துணுக்கு தொங்குகிறது. கை அசையும்போது துணுக்கு இடம் விலகும். அந்த விலகலை மின்னளவாக மாற்றிப் படிக்கிறார்கள். சும்மா நிற்கும்போது புவியீர்ப்பின் அளவு 1 என்று காட்டும். விழத் தொடங்கியதும் அது குறையும். தரையில் மோதும் கணத்தில் பல மடங்கு எகிறும். பிறகு அசைவே இருக்காது. மூன்றும் இந்த வரிசையில் வந்தால் கடிகாரம் சந்தேகப்படும். தேங்காய் உடைக்கும் கையிலும் பலமான அதிர்வு உண்டு. ஆனால் அதற்குப் பிறகு கை ஓய்ந்து கிடப்பதில்லை. உடல் எந்தப் பக்கம் சுழன்றது என்பதைச் சுழல்மானி சொல்லும். சில கருவிகளில் காற்றழுத்தமானியும் உண்டு. ஒரு மீட்டர் கீழே இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் கூடும். அந்தச் சிறு மாற்றத்தையும் அது பிடித்துவிடும்.

● இதே குடும்பத்துச் சில்லுகள்தான் மோதலின்போது காரின் காற்றுப்பையை விரிக்கின்றன. 2003-இல் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினியில், அது கைதவறி விழும்போது வன்தட்டைக் காப்பாற்றவும் இவை வந்தன. மனிதர் விழுவதைக் கவனிக்கும் கைக்கடிகாரம் பரவலாக அறியப்பட்டது 2018 செப்டம்பரில் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 வந்தபோது. இத்தகைய சில்லுகளை உலகிலேயே அதிகமாகச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று பாஷ். அதன் இந்தியத் தலைமையகம் பெங்களூர் ஆடுகோடியில் இருக்கிறது.

● ஆப்பிள் கடிகாரத்தில் நடப்பது இது. பலமாக விழுந்ததை உணர்ந்தால் மணிக்கட்டில் தட்டி, ஒலியெழுப்பி, திரையில் கேட்கும். 'நலமாக இருக்கிறேன்' என்று தொட்டுவிட்டால் விட்டுவிடும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் 30 விநாடி எண்ணிக்கையைத் தொடங்கும்; பிறகு தானாக அவசர எண்ணை அழைக்கும், இருப்பிடத்தையும் சொல்லும். நெருங்கியவர்கள் என்று பதிந்து வைத்தவர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். 55 வயதைத் தாண்டியவர் என்று பதிந்திருந்தால் இந்த வசதி தானாக இயங்கும். பிள்ளை தன் பிறந்த தேதியைப் போட்டு அமைத்துக் கொடுத்துவிட்டால் இயங்காமல் போகலாம். வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். சாம்சங், கூகுள் கடிகாரங்களிலும் இந்த வசதி உண்டு. அமைப்புப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சிம் வசதி இல்லாத கடிகாரமானால் அதனோடு இணைந்த கைப்பேசி அருகில் இருப்பது அவசியம்.

● ஆய்வுக்கூடத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்; விழுவதும் மெத்தையின் மேல். 2012-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், அப்படிப் பழக்கப்படுத்திய 13 கணிப்பு முறைகளை எடுத்து, முதியவர்கள் உண்மையிலேயே விழுந்த 29 பதிவுகளில் சோதித்தார்கள். சராசரியாக 57 விழுக்காடு விழுதல்களைத்தான் அவை கண்டுகொண்டன. இன்றைய கருவிகள் மேம்பட்டவை என்றாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. முதியவர் எப்போதும் தடாலென்று விழுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிகிறார்; கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்குகிறார். அதில் அதிர்வு குறைவு. எனவே அவசரப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுப்பதும் தானியங்கி வசதியைப் போலவே முக்கியம்.

● பொத்தான் இருந்தால் அழுத்துவார்களா? கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு கவலை தருவது. நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. 'யாருக்கும் தொல்லை வேண்டாம்' என்ற எண்ணம் நம் வீட்டுப் பெரியவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை அவர்களையே அழுத்தச் சொல்லி, யாருக்கு மணி அடிக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். ஒருமுறை சும்மா அழுத்தியவருக்கு, தேவைப்படும் நாளில் தயக்கம் குறையும்.

● கடிகாரம் கையில் இல்லாத நேரம் எது? குளிக்கும் நேரம். எண்ணெய்க் குளியல் நாளில் கட்டாயம் கழற்றி வைத்துவிடுவார்கள். காலில் எண்ணெய், தரையில் சீயக்காய் நுரை, உட்கார்ந்து எழ ஒரு குட்டை முக்காலி, கையில் வாளி. விழுவதற்கு எல்லாம் கூடிவந்த நேரத்தில் கருவி மேசைமேல் இருக்கிறது. இன்னொரு நேரம் இரவு. 'தூங்கும்போது எதற்கு' என்று சார்ஜில் போடுவார்கள். இரவு இரண்டு மூன்று முறை இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போவதும் அப்போதுதான். நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும் கடிகாரமானால், காலையில் காபியோடு நாளிதழ் படிக்கும் நேரத்தை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் அசையாமல் இருக்கும் நேரம் அது. பெரும்பாலான கடிகாரங்கள் தண்ணீரைத் தாங்கும். எண்ணெயும் சோப்பும் பட்டால் பிறகு வெறும் தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். கடிகாரத்தையே விரும்பாதவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் பொத்தான் கருவி இருக்கிறது. உடலின் நடுப்பகுதியில் இருப்பது மணிக்கட்டில் இருப்பதைவிடத் தெளிவான சைகை தரும் என்பது அதன் கூடுதல் நன்மை.

● குளியலறைக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவானால், விழுந்தவரின் உடலே அதை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ் வைப்பதற்கு ஒரு தச்சர் போதும். இதற்கு ஆகும் செலவு பல கடிகாரங்களின் விலையைவிடக் குறைவாக இருக்கலாம்.

● ஜெயநகரில் அதிகாலை 3 மணிக்கு ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் அப்போது முந்தைய நாள் பிற்பகல் 2.30, குளிர்காலமானால் 1.30. மகன் வேலையில் இருக்கிறார், கைப்பேசி ஒலியடங்கிக் கிடக்கிறது. பார்த்த பிறகும் அவரால் செய்யக்கூடியது பெங்களூரில் யாரையாவது எழுப்புவதுதான். ஆகவே நெருங்கியவர் பட்டியலில் முதல் பெயர் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடக்கூடியவருடையதாக இருக்கட்டும்: எதிர் வீட்டு மாமி, கீழ்த்தளத்து நண்பர், குடியிருப்பின் இரவுக் காவலாளி. பிள்ளைகளின் பெயர் அதற்கு அடுத்தது.

வந்தவர் உள்ளே நுழைய வேண்டுமே. பெங்களூர் வீடுகளில் வெளியே இரும்புக் கிராதி, அதில் பூட்டு, உள்ளே மரக்கதவு, மேலும் கீழும் தாழ்ப்பாள். திருட்டுக்கு அஞ்சிச் செய்தது. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தால், பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த சாவியால் பயனில்லை. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய நல்ல பூட்டு ஒன்றை மட்டும் போட்டுத் தூங்குவது தனியாக இருப்பவருக்கு நல்லது. கடிகாரம் வாங்கும் அன்றே இதையும் தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

● எதையும் அணிய மறுப்பவர்களுக்கு ரேடார் இருக்கிறது. 60 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து, ஆள் நிற்கிறாரா கிடக்கிறாரா என்று சொல்லும் சிறு பெட்டியைச் சுவரிலோ கூரையிலோ பொருத்தலாம். படம் பிடிக்காது, அதனால் குளியலறையிலும் கூச்சமின்றி வைக்கலாம். இதற்கான சில்லுகளை விற்கும் நிறுவனங்களில் ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1985-இல் பெங்களூருக்கு வந்து இந்நகரின் தொழில்நுட்பக் காலத்தைத் தொடங்கி வைத்தவர்களும் அவர்களே. அவர்களுடைய செயற்கைக்கோள் தட்டு அன்று மாட்டுவண்டியில் வந்து இறங்கியது.

● மெத்தைக்கு அடியில் விரிக்கும் தகட்டைக் கொண்டு இதயத்துடிப்பையும் மூச்சையும் அளக்கும் டோசி, 2015-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். அந்தத் தகட்டின் முதல் வேலை விழுதலைச் சொல்வதல்ல. ஆனால் ஒருவரை விழவைக்கும் காய்ச்சலும் தொற்றும் பல நேரம் மூச்சிலும் துடிப்பிலும்தான் முதலில் தெரியும்.

● இடுப்பில் கட்டும் காற்றுப்பை வார் ஐரோப்பாவில் விற்பனையில் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து விழும் உடல் தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் விழுவதை உணர்ந்து பை விரிந்து இடுப்பெலும்பைக் காக்க வேண்டும்.

● எதனால் விழுகிறார்கள்? கனடாவின் வான்கூவர் பகுதி முதியோர் இல்லங்களில் கேமராவில் பதிவான 227 விழுதல்களை ஆராய்ந்து 2013-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 41 விழுக்காடு, உடல் எடையைத் தவறாக மாற்றியதால் நேர்ந்தவை: திரும்பும்போது, எட்டி எடுக்கும்போது, உட்காரப் போகும்போது. தடுக்கி விழுந்தது 21 விழுக்காடு. வழுக்கி விழுந்தது வெறும் 3. அந்த இல்லங்களில் கேமரா இருந்த பொது இடங்கள் உலர்ந்த தரை கொண்டவை. ஈரக் குளியலறையும் துடைத்துக் காயாத கிரானைட்டும் உள்ள நம் வீடுகளுக்கு அந்த 3 பொருந்தாது. ஆனால் திரும்பும்போது விழுவது எங்கும் ஒன்றே. மேல் பரணிலிருந்து சம்படத்தை எட்டி எடுக்கும் பாட்டியிடம் அதை இடுப்புயரத் தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

● சுவீடனில் செய்து 1997-இல் வெளிவந்த எளிய சோதனை ஒன்று மருத்துவ உலகில் புகழ்பெற்றது. முதியவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 58 பேரில் 12 பேர், பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்தினார்கள். அந்தப் பன்னிருவரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தார்கள். நடப்பது கவனத்தை முழுதாக வாங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்டவர் நடக்கையில் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. படியேறும்போது கைப்பேசியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லி வைக்கலாம்.

● 2021-இல் ஐபோனில் வந்த 'நடை உறுதி' அளவீடு இதைத்தான் வேறு வழியில் செய்கிறது. இடுப்புக்கு அருகே பையில் கிடக்கும் கைப்பேசி, அடியின் நீளம், வேகம், இரு கால்களின் சமநிலை ஆகியவற்றைக் கவனித்து, விழும் அபாயம் கூடியிருந்தால் எச்சரிக்கிறது. லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் நடையைக் கொண்டு உருவாக்கியது. நடுக்கூடத்து மேசையில் கைப்பேசியை வைத்துவிட்டு நடப்பவருக்கு இது உதவாது.

● கருவியே இல்லாமலும் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்யுங்கள்.

● படுக்கையிலிருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது மயங்கி விழுவதற்கான முன்னறிவிப்பு. ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, சில புரோஸ்டேட் மாத்திரைகள் இதற்குக் காரணமாகலாம். தாமாக நிறுத்த வேண்டாம். மொத்த மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

● பெங்களூரின் நடைபாதை பல இடங்களில் மழைநீர்க் கால்வாயின் மேல் பாவிய கற்பலகைதான். மரவேர் தூக்கிய பலகை, ஆடும் பலகை, காணாமல்போன பலகை. டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் செப்பனிட்ட ரெசிடென்சி சாலையிலும் செயின்ட் மார்க்ஸ் சாலையிலும் அகலமான சமதள நடைபாதை கிடைத்தது. முதியவர்கள் காய்கறி வாங்கப் போகும் உட்தெருக்களுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. படிப்பதற்கும் தொலைவுக்கும் சேர்த்துப் போட்ட இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, காலடியையும் படி விளிம்பையும் மங்கலாக்கும். வெளியே நடக்க, தொலைவுக்கு மட்டுமான தனிக் கண்ணாடி நல்லது.

● விழுவதைக் குறைப்பதில் இன்றுவரை சிறப்பாக நிரூபணமானது உடற்பயிற்சி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சி, காலின் வலுவையும் சமநிலையையும் வீட்டிலேயே வளர்ப்பது, விழுதல்களை 35 விழுக்காடு குறைத்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்றவைதான். லால்பாக்கில் காலை நடை போகிறவர்களும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடை மட்டும் போதாது.

● ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரட்டிப்பு. அமெரிக்காவில்கூட, விழுந்ததை மருத்துவரிடம் சொல்பவர்கள் பாதிப்பேருக்கும் குறைவு. சொன்னால் தனியே இருக்க விடமாட்டார்கள், வெளியே போகத் தடை வரும் என்ற அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. விழுந்ததற்காகத் திட்டாதீர்கள். கடிகாரம் யாருக்கு என்ன தகவல் அனுப்பும் என்பதை அணிபவரே தீர்மானிக்கட்டும்.

● முதியோர் மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு பட்டமேற்படிப்பு இந்தியாவில் முதலில் தொடங்கியது 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை இருக்கிறது. விழுந்தவரை எலும்பு மருத்துவரோடு நிறுத்தாமல் இத்தகைய துறையிலும் காட்டினால், ஏன் விழுந்தார் என்பது தெரியவரும்.

● விழுந்தவரைப் பார்த்ததும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் போர்த்தி விட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; உள்கசிவு மணிக்கணக்கில் தாமதித்தும் தெரியலாம்.

● எண்கள். விழுந்த நேரத்தில் 108 அல்லது 112. நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரைதான். ஆலோசனைக்கும் ஆதரவுக்கும் அதை அழைக்கலாம். பெங்களூரின் 1090, மாநகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய முதியோர் உதவி எண். 108-ஐ அழைக்கப்போவது காவலாளியாகவோ வேலைக்கு வரும் அம்மாவாகவோ இருக்கலாம். எனவே வீட்டு முகவரி, குறுக்குத் தெரு எண், அருகிலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாவற்றையும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.